நாற்பதில் பூஜ்யம்

2024 ஏப்ரல் 22, திங்கள், காலை 10.20

என்ஜின் எழுந்தது நாற்பது முறை. ஏகாம்பரம் பிடித்தது பதினேழு.

வேண்டியது பூஜ்யம். மே 10 வரைக்கும்தான் நேரம்.

ஆபீஸ் நோட்டில் எண்கள் மட்டும் போகும். எரிச்சலைப் போட்டுவைக்க இந்த நோட்டு.

வண்டி 3. ஒரகடம் தாண்டி எங்கள் சோதனைக் களம். பெயருக்குக் கரண்டு வண்டி. சக்கரத்தைச் சுற்றுவது மோட்டார் மட்டும்தான். பானெட்டுக்குள் ஒரு சின்னப் பெட்ரோல் என்ஜினும் உண்டு. அதற்கும் சக்கரத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பேட்டரி இறங்கினால் தானே எழும், கரண்டு உற்பத்தி செய்யும், போதுமானதும் தானே அணையும். எப்போது எழ வேண்டும், எப்போது அணைய வேண்டும் என்று சொல்வது என் மென்பொருள். வாங்குகிறவர் கரண்டு வண்டி என்று நம்பி உட்காருவார். நடுவில் உறுமினால் நம்பிக்கை போய்விடும். ஆகவே என்ஜின் எழுவது உள்ளே இருப்பவருக்குத் தெரியவே கூடாது. நாலு மாதமாக அது ஒன்றுதான் என் வேலை.

சோதனை இப்படி: டிரைவர் ஏகாம்பரம் களத்தைச் சுற்றி ஓட்டுவார். நான் பின்சீட்டில் லேப்டாப்போடு உட்கார்ந்து, நினைத்த நேரத்தில் என்ஜினை எழுப்புவேன். தெரிந்தால் ஸ்டியரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலைத் தூக்கி “ஆச்சு” என்பார். மற்ற டிரைவர்கள் நாற்பதில் இரண்டு மூன்றோடு நின்றுவிடுகிறார்கள். இந்த மனிதர் மட்டும் உயிரை வாங்குகிறார். இருபத்திரண்டு வருஷம் டேங்கர் லாரி ஓட்டியவர். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தரையில் பதித்துக்கொள்கிறார்.

“எப்படிண்ணே தெரியுது?”

“குதிகால்ல எறும்பு ஊருது சார்.”

“குத்துமதிப்பா சொல்லக் கூடாது.”

“அப்போ எழுப்பாமயே சும்மா இருந்து பாருங்க. நான் ஏமாறறனா பாக்கலாம்.”

பதினொரு நிமிஷம் எழுப்பாமல் இருந்தேன். அவரும் விரலைத் தூக்கவில்லை. பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்து, “இன்னா ஜெபா சார், தூங்கிட்டீங்களா பின்னால?” என்றார்.

ஏப்ரல் 25, வியாழன்

மெஸ்ஸில் மூன்றாவது நாளாகப் புடலங்காய்.

ஷெட்டில் இடம் இல்லை. பெட்ரோல் வண்டிகளை உள்ளே நிறுத்தி ஓட்டும்போது சைலன்சரில் மாட்டிப் புகையை வெளியே இழுப்பதற்குச் சுவரில் ஒரு தடிமனான குழாய் தொங்கிக்கொண்டிருந்தது. கரண்டு வண்டிக்கு எதற்கு என்று கழற்றச் சொன்னேன். அந்த இடத்தில் சார்ஜர் வந்துவிட்டது. அரை மணியில் முடிந்த வேலை. இதைக் கமிட்டி போட்டுச் செய்திருந்தால் தீபாவளி வந்திருக்கும்.

ஏப்ரல் 29, திங்கள்

என்ஜினைத் தாங்கும் ரப்பர்களை மாற்றினேன். பதினேழு ஒன்பதானது.

ஏகாம்பரம் உள்ளூரச் சந்தோஷப்படுகிறாரா, வருத்தப்படுகிறாரா தெரியவில்லை. “கல்யாண மண்டபத்து ஜெனரேட்டருக்கு நாலு சக்கரம் மாட்டி வுட்டுட்டு, அது சத்தம் போடக் கூடாதுன்றீங்க. மாப்ள ஓடிட்டாக்கூட உள்ள இருக்கறவனுக்குத் தெரியாது” என்றார். சிரித்துவிட்டேன். மேனேஜர் சுதர்சன் கண்ணாடிக் கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்தார்.

மே 4, சனி

காலைச் சுற்றில் ஆறு. நேரம் போதவில்லை என்று மதியமும் ஒரு சுற்று வைத்துப் பார்த்தேன். ஏழு. ஏறியிருக்கிறது! மற்ற டிரைவர்கள் எல்லாரும் பூஜ்யம். இவர் ஒருவர்தான்.

சுதர்சன்: “ஜெபா, அந்தாளை மாத்திடேன். வேற டிரைவர் வச்சு ரிப்போர்ட்டை முடி.”

மாட்டேன் என்றேன். அவரிடம் பூஜ்யம் வாங்கினால்தான் பூஜ்யம்.

இன்று அக்னி நட்சத்திரம் ஆரம்பம். ஷெட்டின் தகரக் கூரை அப்பளம் பொரிக்கும்.

மே 6, திங்கள்

ஏகாம்பரத்துக்கு ஒரு குறை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வண்டியிலேயே சீட்டைச் சாய்த்துப் படுப்பார். வெளியில் யாரும் போட்டோ எடுத்துவிடக் கூடாது என்பதால், களத்தில் ஓடாத நேரம் முழுக்க வண்டி ஷெட்டுக்குள்தான் நிற்க வேண்டும், ஷட்டர் இறங்கியிருக்க வேண்டும். இது கம்பெனிச் சட்டம். உள்ளே ஏசி போட்டுக்கொண்டால் சொர்க்கம். ஆனால் காலைச் சுற்று முடிந்து வரும்போது பேட்டரி அடிமட்டத்தில் இருக்கும். இருபது நிமிஷத்தில் ஏசி நின்றுவிடும்.

“பாதித் தூக்கத்துல அவிச்ச கிழங்கு மாதிரி எழுந்து வரேன் சார். இத்தினி படிச்சவங்க இருக்கீங்க, ஒரு ஏசிய நிக்காம வெக்க முடியலயா?”

நின்ற வண்டியில் என்ஜின் எழக் கூடாது என்று மென்பொருளில் ஒரு வரி இருந்தது. ஏசி ஓடினால் எழலாம் என்று மாற்றி நேராக வண்டியில் ஏற்றினேன். நாலு நிமிஷ வேலை. முறைப்படி படிவம் போட்டால் மூன்று பேர் கையெழுத்து, ஒரு வாரம். யாருக்கு நேரம் இருக்கிறது?

எனக்கும் லாபம் உண்டு. நின்றபடி ஏசி ஓடும்போது என்ஜின் எப்படி நடந்துகொள்கிறது என்ற அளவீடு இதுவரை என்னிடம் இல்லை. “தினம் படுங்கண்ணே, எனக்கு டேட்டா கிடைக்கும்” என்றேன்.

“இந்த வேலைய மொதல்லயே சொல்லியிருந்தா வாலாஜாபாத்துல எங்க தெருவையே இட்டாந்திருப்பேனே.”

மே 7, செவ்வாய்

காலை ஆறு. சாப்பாட்டு நேரத்தில், என்ஜின் எழும் வேகத்தை இன்னும் கொஞ்சம் மெதுவாக்கினேன். மதியம் இரண்டு!

மே 8, புதன்

காலை ஐந்து. மதியம் பூஜ்யம்.

நாற்பதில் பூஜ்யம். மறுபடி எழுதிப் பார்க்கிறேன்: நாற்பதில் பூஜ்யம். நாலு மாதம்.

காலைக்கும் மதியத்துக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று சுதர்சன் கேட்டார். காலையில் ரப்பர் இறுகியிருக்கும், சூட்டில் இளகும் என்றேன். தலையாட்டினார். மதிய எண்ணை அறிக்கையில் போடச் சொன்னார்.

ஏகாம்பரத்துக்குத் தோற்ற வருத்தம் போல. விரலையே தூக்கவில்லை. ஒரு வளைவில் கோட்டுக்கு வெளியே போய்த் திரும்பினார். இதுவரை செய்ததில்லை. “தல கனமாக்குது சார். வாந்தி வர்ற மாதிரியும் இருக்குது.” வெயில், நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்றேன். நாளை மதியம் ஒரே ஒரு சுற்று, இதே எண் வந்தால் முடிந்தது, பிறகு ரெண்டு நாள் லீவு போட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.

“ஏசிக்குப் பொறந்தவனாட்டம் பழகிட்டேன், அதான் வெயிலு ஒத்துக்கல” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மே 9, வியாழன், மதியம் 1.55

காலையில் மற்ற டிரைவர்கள் ஓட்டினார்கள், ஏகாம்பரத்தின் சுற்று சாப்பாட்டுக்குப் பிறகுதான். மேஜையிலேயே சாப்பாடு. வண்டி 3-இன் அளவீடு நேராக என் திரைக்கு வருகிறது. கேபின் வெப்பம் இருபத்துநாலில் நேர்க்கோடாக நிற்கிறது. 12.50 முதல் என்ஜின் ஏழு முறை எழுந்து அணைந்திருக்கிறது. எட்டாவது இப்போது ஓடுகிறது. அவர் அசையவில்லை, சீட்டின் எடை உணரியும் நேர்க்கோடு. எறும்பு, குதிகால் எல்லாம் போயே போச்சு. நிம்மதியாகத் தூங்குகிறார் மனிதர். தூங்கட்டும், ரெண்டே காலுக்கு எழுப்பிக்கொள்ளலாம்.

இந்த வரைபடத்தைப் பிரிண்ட் எடுத்து அவரிடம் காட்ட வேண்டும்.

மே 9, மாலை 6.00

ஏகாம்பரண்ணன் ஆஸ்பத்திரியில். மூச்சு இருக்கிறது.

மே 10, வெள்ளி

லீவு. அறையைத் துடைத்தேன். துணி துவைத்தேன். ஜன்னல் கம்பிகளைக்கூடத் துடைத்தேன்.

நடந்தது: 2.15-க்கு ஷெட்டுக்குப் போனேன். ஷட்டரைத் தூக்கினேன். அனல். கண் எரிந்தது. வண்டிக்குள் நல்ல நிறமாக, கன்னம் சிவக்கப் படுத்திருந்தார். கண்ணாடியைத் தட்டினேன். “அண்ணே, மணியாச்சு.” மறுபடி தட்டினேன். மூன்றாவது முறை கோபமாகத் தட்டினேன். கதவைத் திறந்தபோது வாயோரம் நுரை இருந்தது.

வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கே ஒரு கணம் தெரியவில்லை. அவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறேன்.

மே 13, திங்கள்

சுதர்சன் கூப்பிட்டார். புதன்கிழமை விசாரணைக் குழு வருகிறதாம். “வண்டில ஏதாவது அனுமதி இல்லாத மாற்றம் இருக்கா ஜெபா? இருக்கான்னு நான் கேக்கல. இருந்தா நாளைக்கு இருக்கக் கூடாதுன்னு சொல்றேன்.”

வண்டி 3-க்கு ஏப்ரல் மாத மென்பொருளைத் திரும்ப ஏற்றினேன். நாலு நிமிஷ வேலை.

மெஸ்ஸில் புடலங்காய்.

மே 15, புதன்

குழு வந்தது. மூன்று பேர். வண்டியைச் சோதித்தார்கள். ஷட்டரை இறக்கி, ஏசியைப் போட்டு, பேட்டரி தீரும்வரை வெளியே காத்திருந்தார்கள். என்ஜின் எழவில்லை. ஏசி நின்றது. அப்படியானால் டிரைவரே ஏதாவது பொத்தானைத் தெரியாமல் அழுத்தி என்ஜினை ஓடவிட்டிருப்பார் என்று ஒருவர் சொன்னார். மற்ற இருவரும் எழுதிக்கொண்டார்கள்.

என்னிடம், “வண்டிக்குள்ள தூங்குற வழக்கம் உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார்கள்.

“கவனிச்சதில்ல” என்றேன்.

மே 17, வெள்ளி

அறிக்கை ஏற்கப்பட்டது. வண்டி அடுத்த கட்டத்துக்குப் போகிறது. மீட்டிங்கில் கைதட்டினார்கள். சுதர்சன் பூஜ்யத்தைப் பெரிதாகத் திரையில் போட்டார். சமோசா கொடுத்தார்கள். தின்றேன்.

மே 22, புதன்

ஆஸ்பத்திரி. கண் திறந்திருக்கிறது. பார்க்கிறாரா என்று சொல்ல முடியாது. கழுத்தில் துளை போட்டு மூச்சுக் குழாய்.

டாக்டர் அவர் மனைவி பூங்காவனத்தக்காவிடம் கேட்டுக்கொண்டிருந்தார்: “அதுக்கு முன்னாடி ரெண்டு மூணு நாளா தலைவலி, மந்தம், வாந்தி ஏதாச்சும் இருந்துச்சா?”

“இருந்துச்சு சார். செவ்வாக்கெழம வந்து வெறும் மோர் குடிச்சிட்டுப் படுத்துட்டாரு. புதங்கெழம சட்டைக்குப் பட்டன மாத்தி மாத்திப் போட்டுக்கினு இருந்தாரு.”

டாக்டர் என் பக்கம் திரும்பி, என்ஜின் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு உடம்பில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறினால் முதலில் மழுங்குவது கவனம்தான், பக்கத்தில் நடப்பது தெரியாது என்றார். எனக்குப் புரிய வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார்.

பஸ்ஸில் திரும்பும்போது ஆபீஸ் நோட்டைப் பிரித்தேன்.

மே 4. காலை ஆறு. மதியம் ஏழு.
மே 7. காலை ஆறு. தூக்கம். மதியம் இரண்டு.
மே 8. காலை ஐந்து. தூக்கம். மதியம் பூஜ்யம்.

ரப்பர் இளகவில்லை.

மே 23, வியாழன்

எதுவும் எழுதுவதற்கில்லை.

மே 26, ஞாயிறு

கம்பெனி ஒரு தாள் கொடுத்தனுப்பியது. குடும்பத்தோடு பழக்கம் இருக்கிறதே, நீயே கையெழுத்து வாங்கி வா என்றார் சுதர்சன்.

வார்டுக்கு வெளியே நீளமான பெஞ்ச். பூங்காவனத்தக்கா ஃபிளாஸ்க்கைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். “படிச்சுச் சொல்லுங்க சார். கண்ணாடி வூட்லயே வுட்டுட்டு வந்துட்டேன்.”

படித்தேன். ‘கம்பெனி விதிகளுக்கு மாறாகவும், மேலதிகாரிகள் எவருக்கும் தெரியாமலும், என் கணவர் வண்டிக்குள் உறங்கியபோது அவருடைய கவனக்குறைவால் நேர்ந்த…’

“இருங்க. யாருக்கும் தெரியாமயா?”

“அப்படித்தான் எழுதியிருக்குது.”

“செவ்வாக்கெழம சாயந்தரம் என்கிட்ட வேற மாதிரி சொன்னாரே சார். தல வலியோட வந்து படுத்துக்கினும் அதத்தான் சொல்லிக்கினு இருந்தாரு. ‘ஜெபா சாரு எனக்குன்னே ஏசிய நிக்காம பண்ணிக் குடுத்துட்டாரு பூங்கா, நம்மள மதிச்சு ஒருத்தரு இத்தச் செஞ்சாரு பாரு’ன்னு. தெருவுல ரெண்டு பேருக்குப் போன் போட்டு வேற சொன்னாரு. அது இதுல வரலயே?”

“அது வேற விஷயம்க்கா.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று எண்ணவில்லை. நான் எண்ணாமல் விட்டது இது ஒன்றாகத்தான் இருக்கும்.

“இருவத்திரண்டு வருசம் டேங்கரு ஓட்டுனாரு சார். ஒரு கோழி மேலகூட ஏத்துனதில்ல. கவனக்குறைவுன்னு அவரு பேர்ல எழுதி நான் கையெழுத்துப் போடணும். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். போடவா?”

“போடுங்க” என்றேன்.

பேனாவும் நான்தான் கொடுத்தேன்.

மே 27, திங்கள்

தாளைச் சுதர்சனிடம் கொடுத்தேன். “குட்” என்றார். டிராயரில் வைத்துப் பூட்டவில்லை. சும்மா மேஜைமேல் போட்டார்.

மே 30, வியாழன்

அம்மா நாசரேத்திலிருந்து போன். வேலையில் பேர் வாங்கிவிட்டாயாமே, ஆராதனையில் எழுந்து கர்த்தருக்கு நன்றி சொல்லிச் சாட்சி சொல்லவா என்று கேட்டாள். வேண்டாம் என்று கத்தினேன். ஏன் கத்துகிறாய் என்றாள். வெயில் என்றேன்.

ஜூன் 2, ஞாயிறு, மாலை 5.15

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அவரைப் பொது வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். இனி வீட்டுக்குக் கூட்டிப்போகலாம், இதற்கு மேல் தேறமாட்டார் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். முதுகில் புண் வராமலிருக்கக் காற்று மெத்தை. கட்டிலின் கால்பக்கம் ஒரு சின்ன பம்பு தொங்குகிறது. தானாக ஓடும், காற்றை நிரப்பும், தானாக நிற்கும். கட்டில் முழுக்க மெல்லிய அதிர்வு. கட்டில் கம்பியில் கை வைத்தால் எனக்கே தெரிகிறது. இவருடைய குதிகால் சரியாகக் கம்பிமேல் இருந்தது.

பூங்காவனத்தக்கா சாப்பிடப் போயிருந்தார். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவருடைய வலது கை போர்வைமேல் இருந்தது. ஆள்காட்டி விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பம்பு ஓடியது. நின்றது. ஓடியது.

அக்கா திரும்பி வந்து, “இன்னும் இங்கியேவா இருக்கீங்க? காப்பியாவது குடிச்சிட்டு வாங்க சார்” என்றார். போகவில்லை. சின்ன வயதிலிருந்து கோயிலிலோ பள்ளியிலோ இவ்வளவு நேரம் நான் அசையாமல் இருந்ததில்லை.

பம்பு நாற்பது முறை ஓடியது. எண்ணினேன். விரல் ஒரு முறையும் எழவில்லை.

இந்தப் பூஜ்யத்தை யாரும் திரையில் போடமாட்டார்கள்.

மே 6 மென்பொருள் என் லேப்டாப்பில் இருக்கிறது. மே 9 வரைபடமும் இருக்கிறது, பன்னிரண்டு ஐம்பதிலிருந்து இரண்டே கால் வரைக்கும், ஒரு நொடி விடாமல். அழிக்க மூன்று வாரம் இருந்தது. அழிக்கவில்லை. நல்லவன் என்பதால் இல்லை. அளவீட்டை அழித்துப் பழக்கமில்லை, அவ்வளவுதான். சொல்லிவிட்டால் அவர் எழுந்துவிடப் போவதில்லை. என் வேலை போகும், போலீஸும் வரலாம், அந்த வண்டி நிற்கும். அவர் இதே மெத்தையில் இப்படியேதான் இருப்பார். மாறக்கூடியது ஒன்றே ஒன்று: கவனக்குறைவு என்று எழுதியிருக்கும் இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்பது.

செய்ய வேண்டியவை:

1. இந்தப் பெஞ்சிலிருந்து எழுந்து உள்ளே போய், பூங்காவனத்தக்காவிடம் சொல்வது. படுக்கச் சொன்னது நான். என்ஜின் தானாக எழும்படி செய்தது நான். புகைக்குழாயைக் கழற்றச் சொன்னது நான். விசாரணைக்கு முன்னால் வண்டியில் இருந்ததை மாற்றியது நான். கையெழுத்துப் போடச் சொன்னதும் நான். உட்காராமல் நின்றுகொண்டு சொல்வது. அடித்தால் வாங்கிக்கொள்வது. மன்னிப்புக் கேட்டு அவரைப் பதில் சொல்லவைக்கக் கூடாது.

2. மென்பொருள், வரைபடம், இந்த நோட்டு மூன்றையும் நாளை காலை பத்து மணிக்குத் தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்தில் நேரில் கொடுப்பது. சுதர்சனிடம் முன்னால் சொல்லக் கூடாது. சொன்னால் நாலு நிமிஷத்தில் என்னை மாற்றிவிடுவார்.

3. அந்தத் தாளைத் திரும்ப வாங்குவது. தராவிட்டால், பொய் என்று தெரிந்தே அதைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கியவன் நான் என்று எழுதிக் கொடுப்பது.

4. ஷெட் சுவரில் குழாயைத் திரும்ப மாட்டச் சொல்வது. வேலையிலிருந்து தூக்குவதற்குள்.

5. அறிக்கையில் பூஜ்யத்தை அடித்துவிட்டு எழுதுவது: மே 8 காலை, நாற்பதில் ஐந்து. கடைசி உண்மையான எண் அதுதான். அந்த ஐந்தும் அவர் பிடித்தவை.

6. என்னை வெளியே விட்டுவைத்தால், ஞாயிற்றுக்கிழமைகளில் வாலாஜாபாத்தில் அவர் வீடு. பம்பு ஓடும்போதெல்லாம் அவருடைய விரலைத் தூக்கிப் பிடித்து, “ஆச்சு” என்று நான் சொல்வது.